நீட் மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி? குமரி மாவட்டப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் டீச்சர். சனிக்கிழமை நீட் வகுப்பு முடிந்து, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. நீட் தேவையா என்ற விவாதத்தில் எனக்கும் கருத்து உண்டு, அதை இங்கே எழுதவில்லை. மே மாதம் முதல் ஞாயிறு தேர்வறையில் உட்காரப்போகிற பிள்ளைக்கு இன்றைக்கு என்ன உதவும் என்பதை மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளிடம் வகுப்பில் பேசுவதுபோல ‘நீ’ என்றே சொல்கிறேன், பெற்றோர் கேட்டால் ‘நீங்கள்’.

டீச்சர், மாதிரித் தேர்வில் 350-லேயே நிற்கிறேன். இன்னும் அதிகப் பாடம் படிக்கணுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண், 3 மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழியும், விட்ட கேள்விக்குப் பூஜ்யம்.

நீ 150 கேள்வி எழுதி, 100 சரி, 50 தவறு என்று வைத்துக்கொள். 400-இல் 50 போக 350. இங்கிருந்து மேலே ஏற இரண்டு வழி இருக்கிறது. விட்டுப்போன 30 கேள்விக்கான புதுப் பாடங்களைப் படிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 4 கிடைக்கும். தவறாகிப்போன 50 கேள்வியில் கைவைத்தாலோ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் 5 கிடைக்கும், ஏனென்றால் கழிந்த ஒன்றும் திரும்பி வருகிறது. 50-இல் 20-ஐத் திருத்தினால் 120 சரி, 30 தவறு. 480-இல் 30 போக 450. புதுப் பாடம் ஒன்றுகூடப் படிக்காமல் நூறு மதிப்பெண்.

அந்த 20 கேள்வியும் நீ ஏற்கெனவே படித்த பாடத்திலிருந்து வந்தவை. நீ அரைகுறையாகவாவது தொட்டவை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: புதுப் பாடத்துக்கு ஓடுவதற்கு முன், போன ஞாயிறு எழுதிய வினாத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்.

தவறு நோட்டு போடச் சொல்கிறீர்கள். அதில் என்ன எழுத வேண்டும்? சரியான விடையை எழுதினால் போதாதா?

போதாது. பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். சிவப்பு மையில் சரியான விடையை அழகாக எழுதி, கோடு போட்டு, மூடி வைத்துவிடுவார்கள். அடுத்த தேர்வில் அதே தவறு வரும்.

ஒரு பிள்ளையின் நோட்டை அப்படியே காட்டுகிறேன். கேள்வி: இரண்டு 6 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன, அவற்றோடு 3 ஓம் மின்தடை ஒன்று தொடரிணைப்பில் இருக்கிறது, மொத்த மின்தடை என்ன? விடை 6 ஓம். அவள் போட்டது 10/3. முதல் நாள் நோட்டில் எழுதியிருந்தாள்: “கவனக்குறைவு.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. கவனக்குறைவு என்று எழுதினால் அடுத்த முறை எதைச் செய்யப்போகிறாய்? கணக்கைத் திருப்பிப் போடு என்றேன். போட்டாள். 1/6 கூட்டல் 1/6, அது 1/3. உடனே அந்த 1/3-ஓடு 3-ஐக் கூட்டிவிட்டாள். அப்போதுதான் அவள் கண்ணுக்கே பட்டது. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்: “1/R கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். தலைகீழாக்கவில்லை. பக்க இணைப்பு என்று பார்த்ததும் ஓரத்தில் முதலில் R = ? என்று எழுதி வைக்க வேண்டும்.”

இதுதான் தவறு நோட்டு. என்ன நடந்தது, எந்த வரியில் நடந்தது, அடுத்த முறை கை என்ன செய்யும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். 10/3 விடைகளில் ஒன்றாக இருந்தது தற்செயல் என்று நினைக்காதே. பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்துதான் கேள்வி எடுப்பவர் அதை அங்கே வைக்கிறார்.

நோட்டின் ஓரத்தில் ஒரு எழுத்து போட்டுக்கொள். பாடமே தெரியாது என்றால் ‘பா’. படித்தது மறந்துவிட்டது என்றால் ‘ம’. கேள்வியைத் தவறாக வாசித்தேன் என்றால் ‘வா’. கணக்கில் பிசகு என்றால் ‘க’. விடைத்தாளில் வட்டம் மாறிவிட்டது என்றால் ‘வ’. நாலு தேர்வு முடிந்ததும் எண்ணிப் பார். ‘வா’ அதிகம் இருக்கிற பிள்ளைக்குப் புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. “கீழ்க்கண்டவற்றுள் தவறான கூற்று எது” என்ற வரியில் ‘தவறான’ என்பதைப் பேனாவால் சுற்றும் பழக்கம் வந்தாலே அவன் மதிப்பெண் ஏறும்.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகப் போடலாமா?

“தெரியாததைத் தொடாதே” என்று நாங்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். உண்மையில் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நாலு விடையில் ஒன்றுமே தெரியாமல் 12 கேள்விக்குப் போட்டால், சராசரியாக 3 சரியாகும், 9 தவறாகும். 12-இல் 9 போக 3 மிச்சம். பெரிய லாபம் இல்லை, அதிர்ஷ்டம் கெட்டால் நஷ்டம். ஆனால் இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று தள்ளிவிட்டு, மிச்சம் இரண்டில் ஒன்றைப் போட்டால் 12-இல் 6 சரி. 24-இல் 6 போக 18. இதை விட்டுவிட்டு வருவது மதிப்பெண்ணைத் தேர்வறையிலேயே வைத்துவிட்டு வருவது மாதிரி.

சுருக்கமாகச் சொன்னால்: இரண்டைத் தள்ள முடிந்தால் போடு. ஒன்றைத்தான் தள்ள முடிகிறது என்றால் கடைசியில் நேரம் இருந்தால் பார். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அதில் நேரத்தைச் செலவழிக்காதே. ஒரு எச்சரிக்கையும் உண்டு. “எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு” என்று மனசு சொல்கிற விடைதான் பல நேரம் வலை. மாதிரித் தேர்வில் இப்படிப் போட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள். எத்தனை சரியானது என்று பிறகு எண்ணு. உன் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த எண்ணிக்கைதான் சொல்லும்.

நான் தமிழ்வழி. வினாத்தாளைத் தமிழில் எடுப்பதா, ஆங்கிலத்திலா?

தமிழில் படித்தவள் தமிழிலேயே எடு. தமிழ் வினாத்தாளில் அதே கேள்வி ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதி. இந்த விதியை லேசாக எடுக்காதே. 2018 நீட்டில் தமிழ் மொழிபெயர்ப்பில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் வரவில்லை.

எனவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்துக்கொள். நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா, முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன், உந்தம் என்றால் மொமன்டம். ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது முப்பது சொல்தான் வரும். பாடநூலின் பின்பக்கத்தில் கலைச்சொற்கள் இருக்கின்றன, யாரும் அதைத் திறப்பதில்லை. தமிழ் வரி குழப்பினால் உடனே ஆங்கில வரியைப் பார்க்கும் பழக்கம் மாதிரித் தேர்விலேயே வர வேண்டும்.

விளவங்கோடு பக்கத்து வீடுகளில் ஒரு யோசனை வரும்: நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் பக்கம், மையத்தை அங்கே கேட்கலாமே என்று. தமிழ் வினாத்தாள் அங்கே கிடைக்காது. விண்ணப்பிக்கும்போதே யோசியுங்கள்.

மாநிலப் பாடநூல் போதுமா, மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூல் கட்டாயம் வேண்டுமா?

இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நம் பாடநூல் நல்ல அடித்தளம். உயிரியலுக்கு என்சிஇஆர்டியை வரி வரியாக வாசித்தே ஆக வேண்டும், கேள்விகள் அந்த வரிகளிலிருந்துதான் வருகின்றன. தமிழ்வழிப் பிள்ளைகள் நம் உயிரியல் புத்தகத்தில் ஒரு பாடத்தை முடித்த அன்றே, என்சிஇஆர்டியில் அதே பாடத்தின் படங்களையும் அட்டவணைகளையும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2024 நீட் முதல் பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருக்கிறது. நம் +2 வேதியியல் புத்தகத்தின் முதல் பாடமான உலோகவியல் நீட்டில் இல்லை. திட நிலைமை இல்லை, புறப்பரப்பு வேதியியலும் இல்லை. உயிரியலில் செரிமானம், தாவரங்களில் கடத்து முறைகள் போன்றவை போய்விட்டன. பொதுத்தேர்வுக்கு இவை வேண்டும், அதை மறக்கக் கூடாது. ஆனால் நீட்டுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் உலோகவியலை உருப்போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நடப்பு ஆண்டுப் பாடத்திட்டத்தை இறக்கி, ஜெராக்ஸ் எடுத்து, மேசைக்கு மேலே ஒட்டி வை.

அதே பாடத்திட்டத்தில் செய்முறைத் திறன்களும் இருக்கின்றன. வெர்னியர், திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று எல்லாம் ஆய்வகத்தில் நீ கையால் தொட்டவை. சுழிப்பிழையைக் கூட்டுவதா கழிப்பதா என்று அன்றைக்கே தெளிவாகக் கேட்டு வைத்துக்கொண்டால் அது கையில் இருக்கும் மதிப்பெண்.

இயற்பியல்தான் கவிழ்க்கிறது. 45-இல் 10 கேள்விதான் போட முடிகிறது.

என் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சூத்திரம் தெரியாமல் தோற்கிற பிள்ளைகள் குறைவு. எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் தோற்பவர்கள்தான் அதிகம். இதற்குக் காரணம் நாம் பயிற்சி செய்யும் முறை. வேலை, ஆற்றல் பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்திலிருந்து நாற்பது கணக்கு போடுகிறோம். எல்லாமே ஆற்றல் கணக்குதான் என்று முன்பே தெரியும், அதனால் யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் அப்படி யாரும் சொல்லித் தருவதில்லை. எனவே வாரத்தில் இரண்டு நாள் கலவையாகப் போடு. முந்தைய வினாத்தாள்களிலிருந்து 15 கேள்வி, வெவ்வேறு பாடங்களிலிருந்து. முதலில் விடை காணாதே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “ஆற்றல் அழியாமை”, “நியூட்டன் இரண்டாம் விதி”, “லென்ஸ் சமன்பாடு” என்று வழியை மட்டும் எழுது. பத்து நிமிடம் போதும். அதன் பிறகு கணக்கைப் போடு.

அடுத்தது அலகு. சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் போட்ட கணக்கு எனக்குத் தெரிந்து ஒவ்வொரு தேர்விலும் இருந்திருக்கிறது. தரவுகளை எழுதும்போதே மாற்றிவிடு, கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

10 கேள்வி போடுகிறவர் உடனே 40-க்குப் போக வேண்டாம். மின்னோட்டவியல், நவீன இயற்பியல், குறைகடத்தி, வெப்ப இயக்கவியல், அலகுகளும் அளவீடுகளும். இந்த ஐந்தையும் முதலில் கெட்டியாக்கு. கணக்குகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வரியில் முடிபவை. சுழற்சி இயக்கம் பிறகு வரட்டும்.

உயிரியல் மூன்று தடவை வாசித்தேன். தேர்வில் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, விடை மட்டும் வரவில்லை.

நாலாவது தடவை வாசிக்காதே. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். உனக்கு நடப்பதும் இதுதான். வாசித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்.

ஒரு பக்கம் வாசி, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் எழுது, திறந்து பார், விட்டதைச் சுற்று. மறுநாள் ஒரு முறை, நாலாம் நாள் ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை. மெதுவாகத்தான் போகும். அது எரிச்சலாகவும் இருக்கும். பரவாயில்லை.

வீட்டில் யாருக்கும் படிப்பு தெரியாது டீச்சர். நாங்கள் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும்? (ஓர் அம்மா கேட்டது)

நிறையச் செய்யலாம். குளச்சல் பக்கத்தில் ஒரு வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கப் போகிறவர், தமிழ் வாசிப்பார். மகள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோட்டில் இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை எழுதி வைத்திருந்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேள்வியை வாசிப்பார். மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்வாள். விடை நோட்டில் இருப்பதுபோல வந்தால் ஒரு சரிக்குறி. தடுமாறினால் ஒரு கோடு. அம்மாவுக்கு ‘நெஃப்ரான்’ என்றால் என்னவென்று தெரியாது. “மக்கா, நேற்றும் இதுக்குத்தான் முழிச்சே” என்று சொல்லத் தெரியும். எந்தப் பயிற்சி மையமும் தராத உதவி அது.

பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்கு அப்பாவோடு போகிற பையன்கள் உண்டு. பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதமாவது அவர்களை அந்த நேரம் தூங்க விடுங்கள். தூக்கம் குறைந்தால் அன்று படித்தது தங்காது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள்.

எந்தப் பாடத்தை முதலில் எழுதுவது? நேரம் பத்தவில்லை.

உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65, மிச்சம் 15 நிமிடம் விட்டதைப் பார்க்க. பெரும்பாலானவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவரும். இயற்பியலில் கெட்டிக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாதிரித் தேர்வில் மாற்றிப் பார், மே மாதத்தில் மாற்றாதே.

விடைத்தாளில் வட்டம் நிரப்புவதைக் கடைசிக்கு வைக்கக் கூடாது. ஒரு வட்டத்துக்கு 4 நொடி என்றாலும் 180-க்கு 12 நிமிடம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்பிவிடு. மாதிரி ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பிப் பழகு. அழிக்க முடியாது, ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பினால் அதுவும் தவறுதான். கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிரப்பு. ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அடுத்த விடையை அதன் வட்டத்தில் போட்டு, அங்கிருந்து பதினோரு விடையும் ஒன்று நகர்ந்துபோன பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். மாதிரித் தேர்வு என்பதால் தப்பித்தான்.

எத்தனை மாதிரித் தேர்வு எழுத வேண்டும்?

பொதுத்தேர்வு மார்ச் கடைசி வாரத்தில் முடிகிறது, நீட் மே முதல் ஞாயிறு. நடுவில் ஐந்து, ஆறு வாரம். அதில் 10 அல்லது 12 முழுத் தேர்வு போதும். தினம் ஒன்று எழுதுகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும், ஏனென்றால் திருப்பிப் பார்க்க அவனுக்கு நேரமே இல்லை. ஒரு நாள் எழுது, அடுத்த ஒன்றரை நாள் தவறு நோட்டு.

மதியம் 2 மணி முதல் 5 மணி வரைதான் எழுத வேண்டும், உண்மைத் தேர்வும் அப்போதுதான். நம் ஊரில் மதியம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அயர்வது வழக்கம். உடம்பு அதற்குப் பழகியிருக்கும். ஏப்ரல் முழுக்க அந்த நேரத்தில் விழித்திருந்து கணக்கு போட்டுப் பழக்கு. தேர்வு நாள்களில் மதியம் அரை வயிறு போதும்.

ஜனவரி வரை ஒன்றும் படிக்கவில்லை. இனி முடியுமா?

முடியும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. உயிரியலை முழுக்க எடு, இயற்பியலில் மேலே சொன்ன ஐந்து பாடம், வேதியியலில் உன் பள்ளி ஆசிரியர் சொல்லும் ஏழெட்டு. பொதுத்தேர்வை விட்டுவிடாதே. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம், வேளாண்மை எல்லாம் +2 மதிப்பெண்ணில்தான் கிடைக்கின்றன.

பாஸ் மார்க் எவ்வளவு?

நிலையான எண் கிடையாது. பொதுப் பிரிவில் 50-ஆவது பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் பாதிப் பேரைவிட மேலே இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40-ஆவது. பொதுப் பிரிவில் 2022-இல் அது 117 மதிப்பெண், 2023-இல் 137, 2025-இல் 144. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியிலோ இடம் கிடைக்க இது போதாது, கலந்தாய்வில் பேர் வர மட்டும்தான் இது.

கேரளாவுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா? (பெற்றோர்)

பாலா, கோட்டயம், திருச்சூர் என்று நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். +2 முடித்து ரிப்பீட்டராகப் போவது வேறு, +1 முதலே அங்கே சேர்ப்பது வேறு. பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால் தயவுசெய்து நடுவில் மாற்றாதீர்கள். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொதுப் பட்டியலைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே அதில் இடம் கிடைக்கிறது, படிப்புச் செலவையும் அரசு ஏற்கிறது. +1-க்கு மாற்றினால் இது போய்விடும். +2 முடித்த பிறகு எங்கே பயிற்சிக்குப் போனாலும் போகாது.

மொழியையும் பாருங்கள். மார்த்தாண்டம், குழித்துறைப் பிள்ளைகளுக்கு மலையாளத்தில் வகுப்பு எடுத்தாலும் பிடிபடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் அதிலேயே போய்விடும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் வகுப்பில் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு வருஷம் எழுதலாமா?

நீட்டுக்கு இத்தனை முறைதான் என்ற கணக்கு இல்லை, மேல் வயது வரம்பும் இல்லை. முடிவைத் தவறு நோட்டிடம் கேள். ‘பா’-வும் ‘ம’-வும் நிறைய இருந்தால், உனக்கு நேரம்தான் பற்றவில்லை, ஒரு வருஷம் பலன் தரும். இரண்டு வருஷம் முழு நேரமும் படித்து, பாடமெல்லாம் தெரிந்தும் ‘வா’-வும் ‘க’-வும் குறையவில்லை என்றால், அதே வகுப்பில் மறுபடி உட்காருவதால் மாறாது. எழுதும் முறையை மாற்ற வேண்டும், அதற்கு வீட்டிலேயே நாலு மாதம் போதும்.

தேர்வு நாளில் எதைக் கவனிக்கணும்?

1.30 மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதன் பிறகு யார் கெஞ்சினாலும் திறக்காது. மலைப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. மார்த்தாண்டம், தக்கலை வழியாக வருகிறவர்கள் நெரிசலுக்கென்று ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சர்ச் பூசைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஓடி வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடு. அரைக்கை உடையும் செருப்பும் போட்டுக்கொள், நகை வேண்டாம். அனுமதிச் சீட்டில் புகைப்படங்களை வீட்டிலேயே ஒட்டிவிடு. பேனா அவர்களே தருவார்கள்.

மதிப்பெண் குறைந்தால் வீட்டில் முகம் காட்ட முடியாது என்று தோன்றுகிறது.

இதை என்னிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு, சொல்லாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. தயவுசெய்து சொல்லிவிடு. அம்மாவிடம், அக்காவிடம், என்னைப் போல ஒரு டீச்சரிடம், யாரிடமாவது. ராத்திரியில் யாரும் இல்லை என்றால் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ கூப்பிடு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். தேர்வு அடுத்த மே மாதமும் வரும். நீ எங்களுக்கு வேண்டும்.

பெற்றோருக்கு: முடிவு வந்த அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். எண்ணைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். மரச்சீனியும் மீனும் வைத்துச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

தேர்வு எழுதியாச்சு. இனி செய்ய ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. உன் ஓஎம்ஆர் தாளின் நகலும் தற்காலிக விடைக்குறிப்பும் இணையத்தில் வரும். வட்டம் வட்டமாகப் பொருத்திப் பார். விடைக்குறிப்பு தவறு என்று பாடநூல் ஆதாரத்தோடு உறுதியாகத் தெரிந்தால் ஆட்சேபிக்கலாம், கேள்விக்கு 200 ரூபாய் கட்டணம். கட்டுவதற்கு முன் அந்தப் பாட ஆசிரியரிடம் ஒரு முறை காட்டிவிடு. ஆட்சேபிக்க ஓரிரு நாள்தான் தருவார்கள், அதனால் விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை அணைத்து வைக்காதே.